துணை ஏஜென்டுகளைக் கொண்டு மென்பொருள் திட்டத்தை முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் செய்துகொடுப்பவர்களுக்கும், கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்பவர்களுக்கும் எழுதியது இது. ஏஜென்ட் என்பது சொன்ன வேலைக்குத் தானே கோப்புகளைப் படித்து, நிரல் எழுதி, ஓட்டிப் பார்க்கும் ஏஐ மென்பொருள். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் மென்பொருள். அறையின் அளவைச் சொன்னால் எத்தனை கல் என்று கணக்கிட வேண்டும், விலை சொல்ல வேண்டும், முன்பணத்துக்குத் தமிழில் ரசீது தர வேண்டும், சரக்கு எப்போது தயாராகும் என்று காட்ட வேண்டும். பைத்தான் மொழி, அதன் ஜாங்கோ கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவற்றில் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

துணை ஏஜென்ட் என்றால் என்ன? மொத்தத் திட்டத்தையும் ஒரே ஏஜென்டிடம் கொடுத்தால் ஆகாதா?

ஆகும். சின்ன வேலைக்கு அதுதான் நல்லது. திட்டம் நீளும்போதுதான் சிக்கல். மூன்றாம் வேலையில் படித்த கோப்புகள், தோற்றுப்போன முயற்சிகள், இரண்டு பக்கத்துக்கு ஓடிய பிழைச் செய்திகள் எல்லாம் எட்டாம் வேலை வரைக்கும் கான்டெக்ஸ்டில், அதாவது ஏஜென்ட் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்கும் உரையில், கூடவே வருகின்றன. முதலில் சொன்ன விதி அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

துணை ஏஜென்ட் என்பது, நீங்கள் நேரடியாகப் பேசும் தலைமை ஏஜென்ட் ஒரே ஒரு வேலைக்காகப் புதிதாகத் தொடங்குவது. அதற்குத் தனி கான்டெக்ஸ்ட் உண்டு. வேலை முடிந்ததும் அதன் கடைசிச் செய்தி மட்டும் தலைமை ஏஜென்டுக்கு வரும். நடுவில் நடந்த குழப்பம் எதுவும் வராது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் நிரல் ஏஜென்டான கிளாட் கோடில் இந்த வசதி 2025 ஜூலையில் வந்தது. ரெப்போவுக்குள் (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) அதற்குரிய மறைவுக் கோப்புறையில் ஏஜென்டுக்கு ஒரு மார்க்டவுன் கோப்பு வைத்து, அதன் தலைப்பகுதியில் பெயர், எப்போது அழைக்க வேண்டும் என்ற விவரம், அனுமதிக்கும் கருவிகள், மாடல் ஆகியவற்றை எழுத வேண்டும். கருவிகளின் வரியை எழுதாமல் விட்டால் தலைமை ஏஜென்டிடம் உள்ள எல்லாக் கருவிகளும் அதற்கும் போய்விடும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஏஜெண்டு என்ற சொல் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்த மூன்றாண்டுத் தவணைக்கு ஆள் அனுப்பிய ஊர் இது. முதலாளி ஊரில் இருப்பார். அங்கிருந்து வருவது கடிதமும் ஐந்தொகையும்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஏஜெண்டு பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக இருந்து, தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்த பிறகு போனவர். துணை ஏஜென்டோ ஒவ்வொரு முறையும் இன்று காலையில் கப்பலை விட்டு இறங்கியவர். கையில் கொடுத்த தாளில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரியாது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

எப்போது இது தேவையில்லை?

வேலை மூன்று நான்கு கோப்புகளுக்குள் முடியும் என்றால் தேவையில்லை. பிழையின் காரணம் இன்னும் பிடிபடாமல் தேடிக்கொண்டிருக்கும்போதும் தேவையில்லை, ஏனென்றால் அங்கே சேர்த்து வைத்த கான்டெக்ஸ்டுதான் சொத்து. திட்டமே எழுதப்படாமல் “ஒரு டைல்ஸ் ஆப் செய்” என்ற நிலையில் இருந்தால் முதலில் திட்டத்தை எழுத வேண்டும்.

செலவையும் பார்க்க வேண்டும். ஆந்த்ரோபிக் 2025 ஜூனில் தன் ஆய்வு ஏஜென்ட் அமைப்பைப் பற்றி எழுதியபோது, சாதாரண அரட்டையோடு ஒப்பிட்டால் ஒற்றை ஏஜென்ட் சுமார் 4 மடங்கும் பல ஏஜென்ட் அமைப்பு சுமார் 15 மடங்கும் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு) செலவழிப்பதாகச் சொன்னது. தேடல் ஆய்வைப்போல நிரல் வேலையை ஒரே நேரத்தில் பலருக்குப் பிரித்துக் கொடுக்க அவ்வளவு இடமில்லை என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டது. டெவின் ஏஜென்டைச் செய்த காக்னிஷன் நிறுவனம் அதே மாதம் இன்னும் கறாராக எழுதியது: ஒரு துணை ஏஜென்ட் சொல்லாமல் எடுத்த முடிவு மற்றதற்குத் தெரியாது, இரண்டும் முரண்படும். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் கீழே சொல்லும் முறையில் எழுதும் ஏஜென்டுகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன.

திட்டம் எவ்வளவு விவரமாக இருக்க வேண்டும்?

இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தாலும் ஒரே எண் வர வேண்டும். கல் எண்ணிக்கையையே பாருங்கள். “அறையின் அளவையும் கல்லின் அளவையும் கொண்டு எத்தனை கல் என்று கணக்கிடுக” என்று திட்டத்தில் எழுதியிருக்கிறது. 10 அடிக்கு 10 அடி அறை, 8 அங்குலக் கல் என்றால் தகராறு இல்லை: வரிசைக்கு 15, மொத்தம் 225. இப்போது அறை 10 அடி 4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 124 அங்குலம். பரப்பளவால் வகுக்கும் ஏஜென்டுக்கு 240.25 வரும், மேலே ஏற்றி 241 என்று சொல்லும். வரிசை எண்ணும் ஏஜென்டுக்கு 15.5 என்பது 16 ஆகும், 256 என்று சொல்லும். இரண்டும் தவறில்லை. பூ இல்லாத கல் என்றால் வெட்டிய பாதியை எதிர்ச்சுவர் ஓரத்தில் வைத்துவிடலாம், 241 போதும். பூப்போட்ட கல்லில் பாதிப் பூ இடம் மாறினால் தரையின் கோலம் கெட்டுப்போகும், எனவே 256 வேண்டும். இந்த விதி பட்டறைக்காரருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. திட்டத்தில் எழுதாவிட்டால் விலைப் பக்கத்தைச் செய்யும் ஏஜென்ட் ஒன்றையும் ஆர்டர் பக்கத்தைச் செய்யும் ஏஜென்ட் இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்குச் சொன்ன விலைக்கும் ரசீதுக்கும் இடையே 15 கல் வித்தியாசம் வரும்.

அடுத்து சேதாரம். பூ இல்லாததற்கு 5 சதவீதம், பூப்போட்டதற்கு 10 என்று பட்டறை சொல்கிறது. முழு எண்ணாக ஏற்றுவது சேதாரத்துக்கு முன்னாலா பின்னாலா? 241-க்கு 5 சதவீதம் கூட்டினால் 253.05, ஏற்றினால் 254. 240.25-க்கே கூட்டினால் 252.26, ஏற்றினால் 253. ஒரு கல்தான், ஆனால் இரண்டு திரைகளில் இரண்டு எண் தெரிந்தால் மென்பொருளையே யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை எல்லாம் எண்களாகவே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். விளக்கம் எழுத நேரமில்லை என்றால் நான்கு உதாரணமாவது போதும், விடையோடு. ஏஜென்டுகள் விளக்கத்தைவிட உதாரணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகின்றன.

ஒரு வேலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

ஒரே கமிட்டில், அதாவது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒரு முறை பதிவதில், அடங்க வேண்டும். அதை ஒரு மனிதர் பத்து நிமிடத்தில் படித்துவிட வேண்டும். இதைவிடச் சின்னதாக உடைத்தால், கொடுக்கும் குறிப்பு செய்யும் வேலையைவிட நீளமாகிவிடும். “வாடிக்கையாளர் மாட்யூல்” என்பது ஒரு வேலை அல்ல. “வாடிக்கையாளர் அட்டவணையும் அதன் மைக்ரேஷனும்” ஒரு வேலை (மைக்ரேஷன் என்பது தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் கோப்பு).

துணை ஏஜென்டுக்குக் கொடுக்கும் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

“திட்டக் கோப்பைத் திறந்து வேலை 2-ஐச் செய்” என்று அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படி அனுப்பினால் அது முழுத் திட்டத்தையும் படிக்கும், வேலை 3-இன் கவர்ச்சியில் அதையும் பாதி செய்து வைக்கும். தலைமை ஏஜென்ட் திட்டத்தைத் தொடக்கத்தில் ஒரே முறை படித்து, ஒவ்வொரு வேலையின் உரையையும் தனியே பிரித்து வைத்துக்கொண்டு, உரியதை மட்டும் முழுதாகக் குறிப்பில் ஒட்ட வேண்டும். கல் எண்ணிக்கைக்கான குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

வேலை: கல் எண்ணிக்கை கணக்கிடும் ஒரே ஃபங்ஷன்.
எங்கே பொருந்துகிறது: விலைப் பக்கமும் ஆர்டர் பக்கமும் இதையே அழைக்கும். அவை இன்னும் எழுதப்படவில்லை, எழுத வேண்டாம்.
தொடக்கூடியவை: மதிப்பீடு செயலியின் கணக்குக் கோப்பு, அதன் டெஸ்ட் கோப்பு. வேறு எதையும் தொடக் கூடாது. மைக்ரேஷன் கூடாது, புதிய நூலகம் கூடாது.
உள்ளீடு: நீளம், அகலம் (அங்குலம், முழு எண்), கல் அளவு 8, 10 அல்லது 12, பூ உண்டா இல்லையா.
விதி: பூ இல்லாவிட்டால் பரப்பளவை வகுத்து மேலே ஏற்றுக. பூ இருந்தால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியே ஏற்றிப் பெருக்குக. அதன் பிறகு சேதாரம் 5 அல்லது 10 சதவீதம், மறுபடி மேலே ஏற்றுக. தசம எண் எங்கும் வரக் கூடாது.
விடைகள்: 120 × 120, 8, பூ இல்லை: 237. 124 × 124, 8, பூ இல்லை: 254. 124 × 124, 8, பூ உண்டு: 282. 120 × 120, 12, பூ உண்டு: 110.
முறை: முதலில் டெஸ்ட், அது தோற்பதைக் காட்டு, பிறகு நிரல், பிறகு ஒரே கமிட்.
ஐயம் இருந்தால்: ஊகிக்காமல் நிறுத்திக் கேள்.

கடைசி விடை வேண்டுமென்றே வைத்தது. 100 கல்லை 1.1 ஆல் பெருக்கினால் பைத்தான் 110.00000000000001 என்று தரும். மேலே ஏற்றினால் 111. தசமம் வேண்டாம் என்ற விதியை ஏஜென்ட் மீறினால் இந்த ஒரு டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்கே உரிய செய்திகளும் குறிப்பில் ஏற வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணை என்றதும் எந்த ஏஜென்டும் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பத்தி (நெடுவரிசை) போடும். இங்கே பெயருக்கு முன்னால் விலாசம் வரும்: பாட்டனார், தகப்பனார் பெயரெழுத்துகள் புள்ளியிட்டு நிற்கும், அதோடு ஊர்ப் பெயரும் சேரும். விலாசம், பெயர், ஊர், அழைப்புப் பெயர் என்று நான்கு பத்திகள் வேண்டும் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். இணையத்தில் படித்துத் தேறிய மாடல் தானாகக் கண்டுபிடிக்கும் செய்தி அல்ல இது.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், புரிந்துகொள்கின்றன. ஆனால் அதே செய்திக்குத் தமிழில் டோக்கன் கூடுதலாகும். ஃபங்ஷன், அட்டவணை, பத்திப் பெயர்களை ஆங்கிலத்தில் நீங்களே நிர்ணயித்துக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கல்லை ஓர் ஏஜென்ட் டைல் என்றும் இன்னொன்று ஸ்டோன் என்றும் பெயரிடும். “15ஆம் தேதி வரை” என்பதில் 15 சேருமா சேராதா என்பதுபோன்ற இடங்களில் எண்ணால் சொல்லுங்கள்.

தமிழ்த் தரவைக் கையாளும் வேலைக்கு இரண்டு டெஸ்ட் கட்டாயம். ஒன்று, “கொ” என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு, எழுத்தை வெட்டுவது. “செட்டிநாடு” கண்ணுக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 10. ரசீதில் இடம் பற்றாமல் நீளத்தைக் குறைக்கும் நிரல் கொம்பையும் புள்ளியையும் அறுத்துவிடும். பழைய எக்செல் பட்டியல், யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றுவதையே தனி வேலையாக வையுங்கள்.

தலைமை ஏஜென்ட் தானே நிரலைத் திருத்தலாமா?

எழுத்துப்பிழை ஒன்று இரண்டு என்றால் திருத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். “இதோ சின்னதுதான்” என்று அது கோப்பைத் திறந்தால் அந்தக் கோப்பும் பிழைச் செய்திகளும் அதன் கான்டெக்ஸ்டில் குடியேறும், எதைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ அதுவே நடக்கும். எழுதி முடித்த வேலையை வேறு ஏஜென்டுகள் இரண்டு முறை சரிபார்ப்பதுதான் ரிவ்யூ. அதில் குறை வந்தால், குறையின் முழு உரையோடு எழுதிய ஏஜென்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அது முடிந்துபோயிருந்தால் புதிய ஏஜென்டுக்கு.

ஏன் இரண்டு ரிவ்யூ? ஒன்று போதாதா?

கேள்விகள் வேறு. முதல் ரிவ்யூ கேட்பது: சொன்னதைச் செய்திருக்கிறதா, சொல்லாததைச் செய்திருக்கிறதா? இரண்டாவது கேட்பது: செய்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறதா? இரண்டையும் ஒரே ஏஜென்டிடம் கேட்டால், மாறிகளின் பெயரையும் ஃபங்ஷனின் நீளத்தையும் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, சேதாரக் கணக்கு விட்டுப்போனதைக் கவனிக்காது. வரிசையும் முக்கியம். விதிப்படி செய்யாத நிரலின் அழகைப் பார்ப்பது வீண். திருத்தியதும் அந்த அழகு மாறிவிடும்.

ரிவ்யூ ஏஜென்டுக்கு மூன்று கொடுங்கள்: வேலையின் மூல உரை, தொடங்கும் முன் இருந்த கமிட்டின் எண், முடித்த கமிட்டின் எண். எழுதிய ஏஜென்டின் அறிக்கையைக் கொடுத்தால், “இதை நம்பாமல் டிஃபைப் படித்துச் சரிபார்” என்று சேர்த்துச் சொல்லுங்கள் (டிஃப் என்பது இரண்டு கமிட்டுகளுக்கு இடையே மாறிய வரிகளின் பட்டியல்). இல்லாவிட்டால் அது அறிக்கையையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லும். கருவிகளில் எழுதும் அனுமதியை எடுத்துவிட வேண்டும். ஷெல் அனுமதி (கட்டளைகளை ஓட்டும் அனுமதி) இருந்தால் அதன் வழியாகவும் எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

சொல்லாததைச் செய்வது சின்னக் குற்றம் அல்ல. ரசீது கேட்டால் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் சேர்த்துக் கொண்டுவரும் ஏஜென்டுகள் உண்டு. பட்டறைக்காரர் கேட்காத அந்த நிரலை நாளை பராமரிக்கப்போவது நீங்கள்தான்.

எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது தேறிவிட்டது. ஆனால் மென்பொருள் ஓடவில்லை. எப்படி?

நான்கு வழிகள் வழக்கமானவை. டெஸ்ட் தோற்றதும் எதிர்பார்த்த விடையையே ஏஜென்ட் மாற்றிவிட்டது. அல்லது டெஸ்டைத் தவிர்க்கும் குறி போட்டுவிட்டது. அல்லது கணக்கிடும் ஃபங்ஷனையே போலியால் மாற்றிவைத்து, போலி சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் செய்திருக்கிறது. நான்காவது, கொடுத்த நான்கு உதாரணங்களுக்கு மட்டும் விடையை அப்படியே எழுதி வைத்தது.

முதல் மூன்றையும் டெஸ்ட் கோப்பின் டிஃபை மட்டும் தனியாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். நான்காவதற்குக் குறிப்பில் தராத ஓர் உதாரணத்தைக் கையில் வைத்திருங்கள். 130 × 100, 10 அங்குலம், பூ இல்லை: 130 கல், சேதாரத்தோடு 137. எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை இன்னும் எளிது: நிரலில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து டெஸ்டை ஓட்டுங்கள். பச்சையாகவே இருந்தால் அது டெஸ்ட் அல்ல. பார்த்த பின் கெடுத்ததைத் திருப்பிவிடுங்கள்.

கண்ணால் மட்டுமே பார்க்கக்கூடியவையும் உண்டு. தமிழ் எழுத்துகளைக் கோர்த்து வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகத்தில் ரசீது செய்தால், உள்ளே இருக்கும் உரை சரி, டெஸ்டும் பச்சை, தாளில் மட்டும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வார்ப்பதால் கண்ணாடி உரியும்வரை அதன் முகம் தெரியாது. மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் ரசீதை அன்றைக்கே அச்சிட்டுப் பாருங்கள்.

ஏஜென்ட் “முடிந்தது” என்கிறது. நம்பலாமா?

“முடிந்தது” என்பதை ஒற்றைச் சொல்லாக ஏற்காதீர்கள். நான்கு நிலைகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று குறிப்பிலேயே கட்டிவிடுங்கள்: “முடிந்தது”, “முடிந்தது, ஆனால் ஐயம் உண்டு”, “தகவல் வேண்டும்”, “முடியவில்லை”. இரண்டாம் நிலை இல்லாவிட்டால் ஐயத்தை விழுங்கிவிட்டு முதல் நிலையைச் சொல்லும். “தகவல் வேண்டும்” என்று வந்தால் விடையைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். “முடியவில்லை” என்று வந்தபின் அதே குறிப்பை அதே மாடலுக்கு மறுபடி அனுப்புவதில் பயன் இல்லை. குறிப்பை மாற்ற வேண்டும், வேலையை உடைக்க வேண்டும், அல்லது பெரிய மாடலிடம் கொடுக்க வேண்டும். திட்டமே தவறாக இருந்தால் உங்களிடம் வர வேண்டும்.

முதல் நிலைக்கும் சான்று வேண்டும்: கமிட் எண், ஓட்டிய டெஸ்ட் கட்டளை, அதன் கடைசி வரி. ஐந்தொகை தேறுகிறதா என்று பார்க்காமல் “எல்லாம் நலம்” என்ற கடிதத்தை வைத்து எந்த முதலாளியும் கணக்கை முடித்ததில்லை.

ஒரே நேரத்தில் பல ஏஜென்டுகளை ஓட்டினால் சீக்கிரம் முடியுமே?

படிக்கும் வேலைகளைத் தாராளமாக ஓட்டலாம்: பழைய நிரலில் தேடுவது, ஆவணம் படிப்பது, ரிவ்யூ. எழுதும் வேலைகளுக்கு ஒன்றன்பின் ஒன்று என்பதே விதி. விதிவிலக்கு வேண்டுமென்றால், இரண்டு வேலைகளும் தொடும் கோப்புகளின் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கோப்பாவது பொதுவாக இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் ஆளுக்கொரு ஒர்க்ட்ரீ கொடுங்கள். கிட் 2.5 பதிப்பிலிருந்து, 2015 முதல், இந்த வசதி உண்டு: ஒரே ரெப்போ, தனித்தனிக் கோப்புறைகள், தனித்தனி பிராஞ்சுகள் (நிரலின் கிளைகள்).

ஒர்க்ட்ரீ கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கோப்புகள்தான் பிரிகின்றன, மற்றவை பொதுவாகவே இருக்கின்றன. கிட்டில் சேர்க்காத சூழல் மாறிகளின் கோப்பு புதிய கோப்புறைக்கு வராது; ஏஜென்ட் தானே ஒன்றைக் கற்பனை செய்து எழுதிக்கொள்ளும். நூலகங்களை ஒவ்வொன்றிலும் தனியே நிறுவ வேண்டும். ஜாங்கோ சர்வர் இரண்டும் 8000 போர்ட்டையே கேட்கும், ஆளுக்கொரு எண் கொடுங்கள். கிட்டின் ஸ்டாஷ் எல்லா ஒர்க்ட்ரீக்கும் பொது. ஒன்று ஒதுக்கி வைத்ததை மற்றது எடுத்துக்கொள்ளும். எனவே ஸ்டாஷ் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பில் எழுதுங்கள்.

மோசமானது டெஸ்ட் தரவுத்தளம். போஸ்ட்கிரெஸில் ஜாங்கோ உண்டாக்கும் டெஸ்ட் தரவுத்தளத்தின் பெயர் இரண்டு கோப்புறையிலும் ஒன்றே. கேள்வி கேட்காமல் ஓடும்படி ஏஜென்ட் கட்டளையிட்டால், ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக உண்டாக்க முயலும். மற்ற ஏஜென்ட் அப்போது அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் இரண்டு டெஸ்டும் காரணமே இல்லாமல் தோற்கும். இரண்டு ஏஜென்டும் இல்லாத பிழையைத் தேடி நல்ல நிரலைத் திருத்தத் தொடங்கும். ஒர்க்ட்ரீக்கு ஒரு தரவுத்தளப் பெயர் கொடுத்தால் இது வராது.

மைக்ரேஷன் இன்னொன்று. இரண்டு பேரும் ஏழாம் எண்ணில் ஒரு மைக்ரேஷன் செய்திருப்பார்கள். கிட் முரண்பாடு காட்டாது, கோப்புப் பெயர்கள் வேறு. ஓட்டும்போது ஜாங்கோ நின்றுவிடும். இணைக்கும் மைக்ரேஷன் ஒன்றை அதுவே செய்து தரும், ஆனால் அது வரிசையை மட்டுமே சரிசெய்யும். முன்பணம் என்ற ஒரே பத்தியை இருவரும் இரண்டு பெயரில் சேர்த்திருந்தால் அது அப்படியே இருக்கும். அட்டவணை மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே வேலையாக முதலில் முடித்துவிடுவது சுலபம்.

ரிவ்யூ, திருத்தம், மறுபடி ரிவ்யூ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே நிறுத்துவது?

மூன்று சுற்று. அதற்கு மேல் போனால் குற்றம் பெரும்பாலும் திட்டத்தில்தான் இருக்கும். இரண்டு விதிகள் மோதும், அல்லது ரிவ்யூ ஏஜென்ட் தன் விருப்பத்தை விதி என்று சொல்லும். குறைகளைக் கட்டாயம், நல்லது, விருப்பம் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். கட்டாயத்துக்கு மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

நடுவில் கரண்ட் போனால்? உரையாடல் சுருங்கிப்போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து கரண்ட் இருக்காது என்பது முன்பே தெரியும். சொல்லாமல் போவதும் உண்டு. வேலைக்கு ஒரு கமிட் என்ற ஒழுங்கு இருந்தால் அதிகம் போனால் ஒரு வேலைதான் நஷ்டம்.

அதைவிட நுணுக்கமான நஷ்டம் வேறு. தலைமை ஏஜென்டின் உரையாடல் நீண்டதும் கருவி அதைச் சுருக்கிவிடும். சுருக்கத்தில் “வேலை 4 முடிந்தது” என்ற வரி விட்டுப்போனால், முடிந்த வேலைக்கு மறுபடி ஆள் அனுப்பும். அதனால் வேலைக் கணக்கு உரையாடலில் இருக்கக் கூடாது, கோப்பில் இருக்க வேண்டும். வேலைக்கு ஒரு வரி: எண், நிலை, தொடக்க கமிட், முடிவு கமிட், தங்கிய ஐயம். ஒவ்வொரு முறை ஆள் அனுப்பும் முன்பும் இந்தப் பேரேட்டையும் கிட்டின் கமிட் பட்டியலையும் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் முரண்பட்டால் கிட் சொல்வதுதான் கணக்கு.

எல்லாவற்றுக்கும் பெரிய மாடல் வேண்டுமா?

வேண்டாம். விதியும் விடையும் தெளிவாக எழுதிய கல் கணக்கு வேலைக்குச் சிறிய மாடல் போதும். பல கோப்புகளைத் தொட்டு இணைக்கும் வேலைக்கு நடுத்தரம். திட்டம் எழுதவும், விதிப்படி செய்திருக்கிறதா என்று பார்க்கவும் பெரியது. ரிவ்யூவில் சிக்கனம் பிடித்தால் முதலுக்கே மோசம் வரும்.

என்னென்ன அனுமதி தரக் கூடாது?

பட்டறையின் உண்மைத் தரவுத்தளக் கடவுச்சொல், பணம் வாங்கும் நிறுவனத்தின் நேரடிச் சாவி, மெயின் பிராஞ்சுக்கு அனுப்பும் உரிமை. வாடிக்கையாளர் தொலைபேசி எண்களோடு உள்ள உண்மைப் பட்டியலையும் தர வேண்டாம். பெயரும் எண்ணும் மாற்றிய 50 வரி போதும்.

எல்லா வேலையும் முடிந்தது. அப்படியே மெர்ஜ் செய்யலாமா, அதாவது மெயின் பிராஞ்சோடு இணைக்கலாமா?

தனித்தனியே தேறியவை சேர்ந்தும் தேற வேண்டும். முதல் வேலைக்கு முந்தைய கமிட்டிலிருந்து கடைசி கமிட் வரை ஒரே டிஃபாக எடுத்து, புதிய ஏஜென்ட் ஒன்றிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறதா, யாரும் அழைக்காத நிரல் இருக்கிறதா, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கிறதா. பிறகு வெற்றுத் தரவுத்தளத்தில் எல்லா மைக்ரேஷனையும் முதலிலிருந்து ஓட்டி, முழு டெஸ்டையும் ஓட்டுங்கள். அதன் பின் கையால் ஓர் ஆர்டர்: 10 அடி 4 அங்குல அறை, 8 அங்குலப் பூக்கல், விலாசத்தோடு ஒரு பெயர், லட்சத்தைத் தாண்டும் தொகை. திரையில் 282 கல் வர வேண்டும், ரசீதில் தொகை 1,25,000 என்று நம் முறையில் காற்புள்ளியோடு அச்சாக வேண்டும். 125,000 என்று வந்தால் அது ஒரு திருத்த வேலை. மெர்ஜ் ஆனதும் ஒர்க்ட்ரீகளைக் கிட் கட்டளை வழியாகவே நீக்குங்கள். கோப்புறையை மட்டும் அழித்தால் அந்த பிராஞ்ச் வேறிடத்தில் பயன்பாட்டில் இருப்பதாகவே கிட் நினைத்துக்கொண்டிருக்கும்.